மச்சான் நடத்தும் வெளிநாட்டுக் கடை

1

பிப்ரவரி கடைசியில் ஹெல்கா ஊரிலிருந்து திரும்பி வந்தார். ஊர் என்றால் அவருடைய ஊர் இல்லை, என்னுடையது. திருவண்ணாமலை.

ஹெல்கா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஜெர்மனியின் மேற்குப் பக்கம், நிலக்கரிச் சுரங்கங்களை மூடியபின் களையிழந்துபோன ஒரு நடுத்தர நகரத்தில் நான் 'ராஜ்மஹால்' என்ற இந்திய உணவகம் நடத்துகிறேன். அங்கே வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவர் இவர். யோகா, தியானம் என்று ஆரம்பித்து, மலையைச் சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டு, என்னிடமே வழி கேட்டுக்கொண்டுதான் போனார். எந்தப் பக்கம் இறங்குவது, ஆட்டோக்காரரிடம் எப்படிப் பேசுவது, எந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்றெல்லாம் நான் சொல்லி அனுப்பினேன்.

திரும்பி வந்ததும் கோபுரத்தைப் பற்றிச் சொல்வார், மலையைப் பற்றிச் சொல்வார் என்று காத்திருந்தேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அவர் சொன்ன முதல் விஷயம் இது: "உங்கள் ஊரில் ஒரு கடை இருக்கிறது. என் அம்மாவின் சீஸ் நூடுல்ஸை நான் ஒரு முறை செய்து காட்டினேன், இப்போது அங்கே அப்படியே கிடைக்கிறது. மேலே வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்துப் போடுகிறார்கள். என் அம்மாகூட அவ்வளவு பொறுமையாக வறுத்ததில்லை."

எந்தக் கடை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. செங்கம் ரோட்டில், ஆசிரமப் பக்கம், என் மச்சான் ஏழுமலையின் கடை. ஏழுமலை என் மனைவி வளர்மதியின் தம்பி.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். படத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, நெற்றியில் மாவோடு, கரண்டியைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றவள் என் மகள் அபி. படிப்பை முடித்த கையோடு, ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று டிசம்பரில் ஊருக்குப் போனவள். மாமா கடையில் சும்மா கூடமாட இருக்கிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இவள் உங்கள் மகளாமே! இத்தனை வருடம் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?" என்றார் ஹெல்கா.

நான் யாரையும் ஒளித்து வைக்கவில்லை. ஜாக்கெட்டில் மசாலா வாசனை அடிக்கிறது என்று பள்ளியில் யாரோ கேலி செய்ததிலிருந்து அபி என் கடைப் பக்கமே வருவதில்லை. கல்லாவில் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் பரீட்சை என்பாள். அப்படிப்பட்டவள் அங்கே மாவு பிசைகிறாள். எனக்கு வயிறு எரிந்தது. கொஞ்சம் மரியாதையான சொல் கிடைக்குமா என்று யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

2

நான் திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கீழ்பென்னாத்தூர்க்காரன். நெல்லும் மணிலாக் கடலையும் விளையும் ஊர். இங்கே வரும்வரை பட்டர் நானைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் இருபது வருடத்துக்கும் மேலாகப் பஞ்சாபிச் சாப்பாடு போட்டுப் பிழைக்கிறேன். ராஜ்மஹாலை ஆரம்பித்தவர் ஜஸ்பீர் என்ற பஞ்சாபிக்காரர். அவரிடம் சமையல்காரனாக வந்து சேர்ந்தேன். மூட்டு வலி முற்றி அவர் மகன் வீட்டோடு போனபோது கடையை எடுத்துக்கொண்டேன், சுவரிலிருந்த யானைகளையும் எண் போட்ட மெனுவையும் சேர்த்து.

இங்கே இந்தியக் கடைகளில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஓர் எண் உண்டு. வாடிக்கையாளர் பெயரைச் சொல்லி நாக்கைச் சுளுக்கிக்கொள்ள மாட்டார். "பதினான்கு, காரம் கம்மியாக" என்பார். நாங்களும் சமையலறையில் எண்ணைத்தான் கத்துவோம்.

காலத்துக்கு ஏற்ப நான் மாறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பக்கத்துத் தெருத் தாய்லாந்துக் கடையில் பச்சை இலைக் குறி போட்டார்கள், நானும் போட்டேன். ஆயுர்வேதம் ஓடிய காலத்தில் மஞ்சள் பாலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். இப்போது எல்லாவற்றையும் கிண்ணத்தில் அடுக்கிக் கொடுப்பது மோஸ்தர், அதே சோறும் அதே பருப்பும் கிண்ணத்தில் போகின்றன. எல்லாம் மேல்பூச்சு. உள்ளே ஜஸ்பீர் விட்டுப்போன எண்கள் அப்படியே இருக்கின்றன.

நானாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று, இருபத்தேழு. குழந்தைக்குக் காரமே இல்லாமல் ஏதாவது வேண்டும் என்று ஒரு தாய் கேட்டார். குருமாவில் டின் மாம்பழக் கூழை ஊற்றி, கிரீமைத் தாராளமாக விட்டு, பனீரைப் போட்டுக் கொடுத்தேன். குழந்தை சாப்பிட்டது, மிச்சத்தைத் தாய் வழித்துச் சாப்பிட்டார், அடுத்த வாரம் பக்கத்து மேஜையில் கேட்டார்கள். யாரும் சீண்டாத ஈரல் வறுவலைத் தூக்கிவிட்டு அதன் எண்ணில் இதை உட்கார வைத்தேன். இன்றுவரை கடையைத் தூக்கி நிறுத்துவது அதுதான். ஹெல்கா வெள்ளிக்கிழமை வருவதும் அதற்குத்தான். ஆனால் நானோ என்னிடம் வேலை செய்கிற இருவரோ அதை ஒரு தட்டு போட்டுச் சாப்பிட்டதில்லை. உப்புப் பார்க்க விரல் நுனியில் தொடுவதோடு சரி. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் பின்கட்டில் நின்றபடி ரசம் சோறும் அப்பளமும் சாப்பிடுவோம். இங்குள்ள நம்மாட்கள் கடை எதிலும் இதுதான் நடைமுறை. விற்பது வேறு, தின்பது வேறு.

அந்த ரசத்தை மெனுவில் போட்டால் என்ன என்று ஒரு சமயம் எனக்கும் தோன்றியது. புதிதாக எது போட்டாலும் அதில் கடுகு உண்டா, கோதுமை உண்டா, செலரி உண்டா என்று ஒவ்வாமை எழுத்துகளைப் பக்கத்தில் அச்சடிக்க வேண்டும் இங்கே. சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி ஆய்வுக்கு வந்தபோது விளக்கம் கேட்டேன். நான் பேசும் ஜெர்மன் சமையலறையில் பொறுக்கியது. அங்கே எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். அந்த அம்மாளை நான் "நீ உட்கார், நீ சொல், உனக்கு ரசம் தெரியுமா" என்று பேசிக்கொண்டே போக, அவர் முகம் சிவந்துகொண்டே போனது. சமையலறைக் கதவோரம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சின்ன அபி கையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரசம் அத்தோடு மெனுவுக்கு வரும் ஆசையை விட்டது.

3

ஏழுமலைக்கு முதலில் வழிகாட்டியவன் நான் என்பதை எங்கள் வீட்டில் யாரும் மறுக்க முடியாது. வளர்மதி நச்சரித்ததில் அவனை இங்கே கூட்டிவர அழைப்பும் உத்தரவாதமும் கொடுத்தேன். இரண்டு முறை சென்னைக்குப் போய் வரிசையில் நின்றான். இரண்டு முறையும் விசா மறுத்துவிட்டார்கள். போனவன் திரும்பி வருவான் என்று நம்ப ஆதாரம் இல்லையாம். போனில் அழுதான். நான் ஆறுதல் சொன்னேன். அன்று அவன்மேல் எனக்கு நிஜமான பிரியம் இருந்தது. தோற்றுப்போனவன்மேல் பிரியம் வைப்பது சுலபம்.

பிறகு செங்கம் ரோட்டில் ஒரு ஜூஸ் கடை போட்டான். நான் விசா வாங்கிக்கொண்டு ஜெர்மனிக்கு வந்தேன். ஜெர்மனி விசா வாங்கிக்கொண்டு அவன் கடைக்குப் போனது. கூடவே இத்தாலியும் பிரான்சும் ருஷ்யாவும் போயின. வாழைப்பழ பான்கேக்கில் தொடங்கினான். இஸ்ரேல் பிள்ளைகள் வந்த காலத்தில் கொண்டைக்கடலையை அரைத்து ஹம்முஸ் போட்டான். இத்தாலிக்காரர் ஒருவர் அடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று மண்ணில் கோடு போட்டுக் காட்ட, செங்கல் சூளை வைத்திருந்த பங்காளியைக் கூட்டிவந்து கட்டிவிட்டான். பீட்சா வந்தது. பால் வேண்டாம் என்கிறவர்கள் வந்தபோது முந்திரியில் சீஸ் செய்தான். கோதுமை ஆகாது என்கிறவர்கள் வந்தபோது கேழ்வரகில் தட்டினான்.

கொரோனாவில் வெள்ளைக்காரர் வரத்து நின்றது. இத்தோடு ஏழுமலை முடிந்தான் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன் என்று எழுதக் கை கூசுகிறது, வருத்தப்படவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அவன் முடியவில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி ஞாயிறு காரில் வருகிறவர்களுக்காகக் கடையைத் திருப்பினான். இப்போது ஆந்திரா பக்கத்திலிருந்து பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள் அல்லவா, அவர்களுக்கு ஆவக்காய் ஊறுகாய் தடவி ஒரு பீட்சா போடுகிறான். பௌர்ணமி அன்று பீட்சா அடுப்பை மூடிவிட்டு, கிரிவலம் போகிறவர்களுக்கு வாசலில் எலுமிச்சை சாதமும் சுக்குக் காபியும் விற்கிறான்.

இதையெல்லாம் வரி விடாமல் எனக்கு ஒப்பிப்பவள் வளர்மதி.

"எங்க ஏழுமல இப்ப மாடியும் எடுக்கறானாம், ரூம் கட்டி வுடப் போறானாம்."

"ம்."

"சந்தோஷமா சொல்லுங்களேன்."

"சந்தோஷம்தான்."

"காதுல பொக வருது. ஜன்னல தொறங்க" என்பாள்.

4

ஹெல்கா படம் காட்டிய அதே வாரம் கட்டடத்தின் உரிமையாளர் வந்தார். குத்தகை முடிகிறது, புதுப்பிப்பதானால் பத்து வருடத்துக்கு, கோடைக்குள் பதில் வேண்டும் என்றார். அவரையும் முதல் சில வருடம் 'நீ' என்று பேசியிருக்கிறேன், மனிதர் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டார்.

பத்து வருடம் அடுப்பின் முன் நிற்க இனி என் முதுகு ஒப்பாது. யோசித்து யோசித்துப் பார்த்தால் எல்லாம் அபியில் வந்து நின்றது. அவள் வந்து எடுத்துக்கொள்வாள் என்றால் கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால் யானைகளைக் கழற்ற வேண்டியதுதான்.

"போன்ல கேக்காதீங்க. நேர்ல போயி கேளுங்க" என்றாள் வளர்மதி. "அப்டியே எங்க தம்பி கடையில உக்காந்து வயிறார சாப்டுட்டு வாங்க. எரிச்சல் கொறையும்."

சமையல் தெரியாது என்றுதான் இத்தனை நாள் அபியை விட்டு வைத்திருந்தேன். இப்போது தெரியும் என்று ஆகிவிட்டது. தெரிந்தவள் என் கடையில் அல்லவா நிற்க வேண்டும்? நியாயம் முழுக்க என் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

5

ஏப்ரல் வெயில். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்து, செங்கம் ரோட்டில் இறங்கும்போது வாய் தவறி ஜெர்மனில் நன்றி சொன்னேன்.

"எந்த ஊரு சார் நீங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"கீழ்பென்னாத்தூர்."

அவர் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே போனார்.

ஏழுமலை ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. மாடி அறையைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. பாஸ்போர்ட்ட ரவ நேரம் குடுங்க. ஃபாரினர் தங்கினா ஆன்லைன்ல ஏத்தணும், இல்லாங்காட்டி போலீஸ்ல கேப்பாங்க."

"நான் ஃபாரினரா?"

"பாஸ்போர்ட்டு அப்டித்தான சொல்லுது" என்று சிரித்தான். "எதுக்கு வந்துருக்கீங்கனு ஒண்ணு கேக்குது மாமா. டூரிஸ்ட்டுனு போட்டுடட்டா?"

இந்த மண்ணிலிருந்து வெளியேற அவனுக்கு ஒரு காலத்தில் முத்திரை கிடைக்கவில்லை. இப்போது நான் இந்த மண்ணில் தூங்குவதற்கு அவன் கணினியில் தட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தான். போட்டுத் தொலை என்றேன்.

அப்போது அபி மாடிப்படி ஏறி வந்தாள்.

"வந்துட்டீங்களாப்பா! பஸ்லயா வந்தீங்க? சொல்லியிருந்தா மாமா வண்டி அனுப்பிருப்பாரே. வெயிலு ஜாஸ்தியா இருக்குதுல்ல, மொதல்ல மோர் குடிங்க."

நான் மோரை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அவள் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சனிக்கிழமை தோறும் கடையை விட்டுவிட்டு, வாடகை மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு அவளைக் காரில் கொண்டுபோய் விட்டவன் நான். மழையில், பனியில், வெளியே காரிலேயே உட்கார்ந்திருப்பேன். அகர வரிசையோடு நின்றுவிட்டாள். இப்போது 'ஜாஸ்தி' என்கிறாள், அதுவும் எங்கள் பக்கத்து ஆள் சொல்கிற மாதிரியே. ஒரு குளிர்காலத்துக்குள் இவன் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கற்றிருக்கிறாள். மகிழ வேண்டிய இடம். எனக்கு ஏழுமலையின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

6

மறுநாள் கடை திறக்கும் முன்பு சாப்பிடக் கூப்பிட்டார்கள். சமையலறைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாத்திரம் கழுவுகிறவர், பரிமாறுகிற பெண்கள், வேட்டவலம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து சமையலறையை ஆட்டிவைக்கும் செல்வி, எல்லோருக்கும் ஒரே மாதிரித் தட்டு.

அந்தக் கடையின் சட்டம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெளியூர்க்காரர் யாராவது எங்கள் வீட்டில் இப்படிச் செய்வோம் என்று ஆரம்பித்தால், ஏழுமலை அவரைக் கையோடு சமையலறைக்குள் கூட்டிப்போய்ச் செய்யச் சொல்வான். செய்ததைக் கடை ஆட்கள் மத்தியானச் சாப்பாடாகச் சாப்பிடுவார்கள். தட்டில் மிச்சம் விழுந்தால் அது மெனுவுக்குப் போகாது. மிச்சம் இல்லையென்றால் சமைத்தவர் பெயரோடு கரும்பலகையில் ஏறும். ஹெல்கா நூடுல்ஸ் என்று பலகையில் இருப்பதைப் பார்த்தேன். மெனுவில் ஏறியதையும் அவ்வப்போது இப்படிச் சாப்பிட்டுப் பார்ப்பார்கள். மிச்சம் விழ ஆரம்பித்தால் பலகையிலிருந்து அழித்துவிடுவான்.

"கஸ்டமர கேக்கறத வுட்டுட்டு இவங்கள எதுக்கு கேக்கற?" என்றேன். குற்றம் கண்டுபிடிக்கிற குரலில்தான் கேட்டேன்.

"கஸ்டமரு சீசனுக்கு சீசன் மாறிட்றான் மாமா. போன வருசம் வந்தவன் நாக்க வச்சி இந்த வருசம் கட நடத்துனா ஈ ஓட்டணும். தெனம் இங்க இருக்கறது நம்ம ஆளுங்கதான். செல்வி அக்காக்கு புடிக்கலனா அது கடனேனு கிண்டும். ஒரு மாசத்துல ஊத்திக்கும்."

எதிர்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன். என் பின்கட்டும் ரசமும்தான் நினைவுக்கு வந்தன.

"இன்னைக்கு அபி முறை" என்றான் ஏழுமலை.

அபி ஒரு குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். மூடியைத் திறப்பதற்கு முன்பே வாசனையில் தெரிந்துவிட்டது.

"இருபத்தேழா?" என்றேன்.

"ஆமாப்பா."

"இதப் போயி இங்கயா? எப்டிப் பண்றதுனு உனக்கு எப்டித் தெரியும்?"

"கதவுகிட்ட உக்காந்து ஹோம்வொர்க் எழுதிட்டு இருந்தேன்ல, அப்பல்லாம் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

டின் கூழுக்குப் பதில் பாதி பழுத்த கிளிமூக்கு மாங்காயைப் போட்டிருந்தாள். கிரீமைக் குறைத்துத் தேங்காய்ப் பால் விட்டு, காய்ந்த மிளகாயைக் கிள்ளித் தாளித்திருந்தாள். தட்டுகள் நிறைந்தன. நான் சாப்பிடாமல் மற்றவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருணாசலேஸ்வரா, யாராவது ஒருத்தராவது மிச்சம் வைக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். மகள் சமைத்ததுதான், நான் கண்டுபிடித்ததுதான். இருந்தும் அப்படித்தான் வேண்டினேன். மிச்சம் விழுந்தால் இந்தக் கடை அவளுக்கு இல்லை என்று ஆகும். கிளம்பு போகலாம் என்று சொல்ல எனக்குச் சுலபமாக இருக்கும்.

"இன்னா சார் இது" என்றார் செல்வி. என் மனம் துள்ளியது. "மாங்கா கொழம்புக்கும் பாயசத்துக்கும் பொறந்த புள்ள மாதிரி கீது. அபி, இன்னும் ரவ சோறு போடு."

ஒரு தட்டிலும் ஒரு பருக்கை மிச்சமில்லை. நானும் சாப்பிட்டேன். இத்தனை வருடத்தில் முதன்முறையாக ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை.

"இது எந்த ஊரு சாப்பாடு?" என்று பரிமாறும் பெண் ஒருத்தி கேட்டாள்.

"ஜெர்மனி" என்றாள் அபி.

ஏழுமலை எழுந்துபோய்க் கரும்பலகையில் 'அபி ஜெர்மன் கறி' என்று எழுதினான். கீழ்பென்னாத்தூர்க்காரன் ஒருவன் வெள்ளைக்காரர்களுக்கு இந்தியச் சாப்பாடு என்று சொல்லி விற்றது, பக்கத்து ஊரில் ஜெர்மன் சாப்பாடாகப் பலகை ஏறியது. அதில் என் பேரும் இல்லை, என் ஊரும் இல்லை.

"அது என்னுது" என்றேன். சின்னப் பிள்ளை பம்பரத்துக்கு அடம் பிடிப்பது போலத்தான் இருந்திருக்கும். சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும் மாமா. அபி சொல்லுச்சு" என்றான் ஏழுமலை. கேலி இல்லை, அன்பாகவே சொன்னான். "ஆனா சமைச்சவங்க பேருதான் போடறது. நாளைக்கு நீங்க அடுப்புகிட்ட நில்லுங்க, உங்க பேரும் போட்டுடலாம்."

நான் நிற்கவில்லை.

7

சாயங்காலம் கூட்டம் வருவதற்குள் பேசிவிட வேண்டும் என்று அபியைத் தேடிப் போனேன். மொட்டை மாடியில் துவைத்த மேஜை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

விமானத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். குத்தகை முடிவதை, என் முதுகை, அவளுக்கே கடையை எழுதி வைப்பதை, மெனுவை அவள் இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்பதைச் சொன்னேன். யானைகளைக் கழற்றிவிடலாம் என்றுகூடச் சொன்னேன். அவள் விரிப்பின் ஓரங்களை நேராக்கினாள். விரிப்பை மடித்து அடுக்கின்மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வரலப்பா" என்றாள். "கையெழுத்து போடறதுன்னா உங்களுக்காக போடுங்க. என்ன நெனச்சி போடாதீங்க. அங்க வந்தா நான் உங்க கடைய பாத்துக்கற பொண்ணு. இங்க நான் சமைக்கிறேன். அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீங்க கஷ்டப்படாதீங்க."

ஜெர்மனிக்குத் திரும்பி வந்து, பத்து வருடத்துக்குப் பதில் மூன்று வருடத்துக்குக் கெஞ்சிக் கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். அது கிடக்கட்டும். நான் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வந்தது வேறு.

அபி சின்ன வயதிலிருந்து எனக்கு எத்தனையோ முறை மறுப்புச் சொல்லியிருக்கிறாள். கோயிலுக்கு வரமாட்டேன், கடைக்கு வரமாட்டேன், உங்கள் ஆட்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டேன். எல்லாம் ஜெர்மனில். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு சமாதானம் கைவசம் இருந்தது. முரட்டு மொழி அது, அப்படித்தான் வெடுக்கென்று விழும். நான் கேட்டது பிள்ளைக்குச் சரியாகப் புரிந்திருக்காது. தமிழ் மட்டும் வந்துவிட்டால் இவள் என்னிடம் இப்படிச் சொல்லமாட்டாள். அந்த நம்பிக்கையில்தான் வருடக்கணக்காகக் காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது தமிழ் வந்துவிட்டது, என் மச்சான் கடைப் பின்கட்டில் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்பாவின் மனம் நோகாமல் எப்படிச் சொல்வாளோ அப்படியே, மரியாதையாக, தணிந்த குரலில் சொல்லிவிட்டாள். அவளுக்குப் புரியவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு இனி வழியில்லை.